பயிற்சி இலவசம் சரி, அந்த ஒரு வருஷத்துக்கு வீட்டுச் செலவை யார் பார்ப்பது? (ஐடிஐ / கொத்தனார் வேலை / உதவித்தொகை)

கல்லல்_கிழக்கு | 12 ஜூன் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். கல்லலில் இருந்து உள்ளே தள்ளி எங்கள் கிராமம். பையனுக்கு 18 ஆகிவிட்டது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான், இந்த வருஷம் பிளஸ் டூ பாஸ், மார்க் சுமார். மச்சான் இல்லை. அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறாள், அது இல்லாத நாளில் தோட்ட வேலை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வருகிறது, ரேஷன் அரிசி இருக்கிறது. பையனுக்குக் கீழே ஒரு தங்கச்சி, எட்டாவது.

பரீட்சை முடிந்த கையோடு பையன் ஒரு கொத்தனாரிடம் கையாளாகப் போய்விட்டான். காரைக்குடியில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றுகிறார்கள், அங்கே வேலை. நாளுக்கு 550. முதல் சனிக்கிழமை சம்பளத்தில் தங்கச்சிக்குச் செருப்பும் வீட்டுக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் வாங்கி வந்தான். அக்கா இப்போது அவனை ஐடிஐக்கு அனுப்பத் தயங்குகிறாள். எனக்கோ அவன் ஒரு சான்றிதழ் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. அரசாங்கம் என்னென்ன தருகிறது, அதை வைத்து ஓட்ட முடியுமா? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

பழைய_ஐடிஐ_வாத்தியார் | 12 ஜூன், இரவு 10.25

தங்கச்சி, கணக்கோடு கேட்டதற்கு நன்றி. பெரும்பாலும் "எந்த டிரேடு நல்லது சார்" என்றுதான் கேட்பார்கள்.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. சீருடை, ஷூ, சைக்கிள், பாடப்புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும். 2024 ஆகஸ்ட்டில் ஆரம்பித்தது, கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், ஐடிஐக்கும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு அதேபோலப் புதுமைப்பெண், அது 2022 செப்டம்பரிலிருந்து. அவன் தங்கச்சிக்கு இப்போதே சொல்லி வையுங்கள், தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள்.

ஆக மாதம் 1,750. வெல்டர், பிளம்பர் ஒரு வருஷம். எலக்ட்ரீஷியன், பிட்டர் இரண்டு வருஷம். ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயதே இல்லை. காரைக்குடியிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது, விடுதி பிடிக்க வேண்டிய தொல்லை உங்களுக்கு இல்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 750 ஒன்றாம் தேதி டாண் என்று வராது. சில மாதம் சேர்த்து வரும், வருகைப்பதிவு குறைந்தால் வெட்டு விழும். அதை நம்பிக் கடன் சொல்லி வைக்க வேண்டாம்.

கரணை_பிடித்த_கை | 12 ஜூன், இரவு 11.10

வாத்தியார் சொன்ன 1,750-ஐ எடுத்துக்கொள்வோம். கையாள் வேலைக்கு மாதம் 22 நாள் போனால் 12,100. வித்தியாசம் பத்தாயிரத்துச் சொச்சம். ஒரு வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். "இலவசப் பயிற்சி"க்கு அந்தக் குடும்பம் கொடுக்கிற கட்டணம் அதுதான் அக்கா. எந்த அறிவிப்பிலும் அது அச்சாகாது.

எங்கப்பா கொத்தனார், நானும் கொத்தனார். நான் ஐடிஐ போகாததற்கு அறிவில்லை என்று காரணம் சொல்வார்கள். அரிசி இல்லை, அதுதான் காரணம்.

கண்டனூர்_கணக்கு | 13 ஜூன், காலை 6.50

எதற்கெடுத்தாலும் அரசாங்கமே காசு கொடுக்க வேண்டும் என்றால் எப்படி? அரிசி இலவசம், பஸ் இலவசம், அம்மாவுக்கு ஆயிரம், பையனுக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது. இதற்கு மேல் சம்பள இழப்பீடும் வேண்டுமா? எங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய்க் கணக்கெழுதிக் கற்றுக்கொண்டார்கள். யார் உதவித்தொகை கொடுத்தார்கள்?

கரணை_பிடித்த_கை | 13 ஜூன், காலை 7.15

அண்ணே, உங்க ஐயாவுக்கு ரங்கூன் கடையில் மூன்று வேளைச் சோறும் படுக்க இடமும் முதலாளி கொடுத்தார். பையனாகச் சேர்ந்து பொறுப்புக்கு வரும் வரைக்கும் அந்தச் சோறு நிற்கவில்லை. நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

ரெண்டாங்கட்டு | 13 ஜூன், காலை 7.22

😂 அண்ணன் இனி சாயங்காலம்தான் வருவார்.

கண்டனூர்_கணக்கு | 13 ஜூன், காலை 8.05

சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். சோறு கொடுத்த முதலாளிக்கு அந்தப் பையன் திரும்ப உழைத்துக் கொடுத்தான். இப்போது உதவித்தொகை வாங்கிக்கொண்டு பாதியில் நிற்கிறவர்கள் எத்தனை பேர், அதை யாராவது கேட்கிறீர்களா?

பழைய_ஐடிஐ_வாத்தியார் | 13 ஜூன், காலை 9.30

பாதியில் நிற்பவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் நின்ற நேரத்தைப் பாருங்கள். நாற்று நடவு, அறுப்பு, ஊர்த் திருவிழாவுக்கு முன் பந்தல் வேலை, இவை வரும்போதுதான் பெஞ்சு காலியாகும். காசு வாங்கிக்கொண்டு ஓடினான் என்பதல்ல, வெளியே கூலி கூடுதலாகக் கிடைக்கிற வாரத்தில் 750 ரூபாய் அவனைப் பிடித்து வைக்கவில்லை. மாதம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்திருந்தால் என் வகுப்பில் பாதிப் பேர் நின்றிருப்பார்கள் என்பது என் கணிப்பு. கணிப்புதான், புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

ஐடிஐ முடித்த பிறகு அப்ரண்டிஸாக (நிறுவனத்தில் வேலை பழகுகிறவனாக) போனால் நிலைமை மாறும். சான்றிதழ் உள்ளவனுக்குக் குறைந்தது 7,000 கொடுத்தாக வேண்டும் என்று 2019-ல் விதி வந்தது. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுக்கு, கொடுக்கிற தொகையில் கால்பங்கை, 1,500 வரை, மத்திய அரசு பகிர்ந்துகொள்கிறது. சிக்கல் என்னவென்றால் அப்ரண்டிஸ் எடுக்கிற அளவுக்குப் பெரிய தொழிற்சாலை நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை? பையன் ஸ்ரீபெரும்புதூரோ ஓசூரோ போக வேண்டும், அங்கே அறை வாடகை அந்த 7,000-ல் பாதியைத் தின்னும்.

நிமிந்தாள் | 13 ஜூன், மதியம் 1.40

எல்லோரும் ஐடிஐயையே சுற்றுகிறீர்கள். பையன் இப்போது நிற்கிற இடத்தைப் பாருங்கள். பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலை. அது எந்த ஐடிஐயிலும் கற்றுத்தராத வேலை.

ஒரு வளவுச் சுவரை (வீட்டின் உள்முற்றத்துச் சுவர்) சொல்கிறேன். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்து முதல் பூச்சு. அது இறுகுவதற்குள் அடுத்தது, அதற்கு மேல் இன்னும் சன்னமாக. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. பூசியதும் விட்டுவிட முடியாது, வழவழப்பான கல்லை வைத்து ஈரம் இருக்க இருக்கத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை உள்ளங்கை சொல்லும். கொஞ்சம் முந்தினால் பூச்சு உரிந்து வரும், பிந்தினால் பளபளப்பு ஏறாது. இந்தக் கையை எடுக்கச் சாதாரணமாக நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் அவன் கையாள், கையாள் கூலிதான்.

இப்போது இந்த வேலைக்குக் கிராக்கி இருக்கிறது. கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் பக்கமெல்லாம் வீடுகளைத் தங்கும் விடுதியாக்குகிறார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் சேர்த்தவர்கள் சுவர் பூசுகிறவனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. என்னைவிட மூத்த கை இந்தச் சுற்றில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அவர்களிடம் நிற்கப் பையன்கள் இல்லை. சிமெண்ட் வேலைக்குப் போனால் ஒரு வருஷத்தில் கரணை பிடித்து ஆயிரம் வாங்கலாம், எவன் நாலு வருஷம் நிற்பான்?

என் கோரிக்கை ஒன்றுதான். பையனுக்குக் கொடுக்கிற உதவித்தொகையை வகுப்பறையோடு கட்டிவைக்காதீர்கள். மூத்த கொத்தனாரிடம் நின்றாலும் கொடுங்கள், கற்றுக்கொடுக்கிற கொத்தனாருக்கும் ஏதாவது கொடுங்கள். கற்றுக்கொடுக்கிற நாளில் என் வேலை பாதிதான் நடக்கும், அந்த நஷ்டம் என்னுடையதாகவே இருக்கிறது.

கல்லல்_கிழக்கு | 13 ஜூன், மதியம் 2.20

அண்ணே, நீங்கள் சொன்னதை அப்படியே பையனுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் கல் தேய்க்கிற வேலையைப் பார்த்தேன் சித்தி, எங்க மேஸ்திரி தொடவே விடமாட்டேங்கிறார்" என்கிறான்.

நிமிந்தாள் | 13 ஜூன், மதியம் 2.26

விடமாட்டார். முட்டை விலை யார் தருவது 🙂

ஆத்தங்குடி_தொட்டி | 13 ஜூன், மாலை 4.00

எங்கள் பக்கம், ஆத்தங்குடிப் பூக்கல் (தரை டைல்) பட்டறைகளிலும் இதே கதை. கண்ணாடியைத் தரையில் போட்டு, மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைக் கலையாமல் தூக்க வேண்டும். அந்தத் தூக்குகிற ஒரு நொடிக்குத்தான் இவ்வளவு வருஷம். அதன் பிறகு உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். சூளையும் கிடையாது, பாலிஷ் மெஷினும் கிடையாது. புதிதாக வருகிறவன் உடைக்கிற கல்லுக்குக் காசு பட்டறைக்காரர்தான் தாங்க வேண்டும். சின்னப் பட்டறைக்கு அது முடியாது. அதனால் கையெழுத்தே போடத் தெரியாத பெரியவர்கள் பூ ஊற்றுகிறார்கள், பையன்கள் லோடு ஏற்றுகிறார்கள்.

கண்டனூர்_கணக்கு | 13 ஜூன், மாலை 5.30

நீங்கள் கேட்கிற மாதிரித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறதே. பிரதமர் விஸ்வகர்மா, 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கியது. 18 தொழில், அதில் கொத்தனாரும் கூடை முடைகிறவரும் உண்டு. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, பிறகு 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம் கடன். நம் மாநிலம்தான் வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

பழைய_ஐடிஐ_வாத்தியார் | 13 ஜூன், மாலை 6.10

நிறுத்தியதற்குக் காரணமும் சொன்னார்கள். 18 வயதுப் பையனை அப்பன் தொழிலிலேயே உட்கார வைப்பது குலத்தொழிலுக்குத் திருப்புவதாகும், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று முதல்வர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். ஒத்துவரவில்லை. அதற்குப் பதிலாக இந்த ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்திருக்கிறது. 25 தொழில், சாதியோ குடும்பத் தொழிலோ கேட்பதில்லை, 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம் அதிகபட்சம் 50,000, வட்டியில் 5 சதவீதம் அரசு ஏற்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். வயது 35 ஆகியிருக்க வேண்டும்.

சாதி பற்றிய அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. என் தலைமுறை அதைப் பார்த்த தலைமுறை. ஆனாலும் இந்தப் பையனுக்கு வயது 18. அவன் கொத்தனார் மகனும் இல்லை, அவனாக விரும்பிப் போனவன். மத்தியத் திட்டம் இங்கே இல்லை, மாநிலத் திட்டம் இன்னும் 17 வருஷம் கழித்து. நடுவில் இருக்கிற வயதில்தான் ஒருவன் தொழில் கற்கிறான்.

நிமிந்தாள் | 13 ஜூன், மாலை 6.18

எனக்கு வயது ஓகே. ஆனால் எனக்குக் கடன் வேண்டாம், ஆள் வேண்டும்.

கொட்டான்_முடைகிறவள் | 13 ஜூன், இரவு 8.45

பெண்கள் பக்கத்தையும் சொல்கிறேன். நான் ஓலைக்கொட்டான் (பனையோலைக் கூடை) பழகும்போது நாள்படி கொடுத்தார்கள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போக அந்தக் காசு ஒரு நியாயமாக இருந்தது, "சும்மா போகிறாள்" என்று யாரும் சொல்ல முடியவில்லை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஒரே அகலத்துக்குக் கிழித்து, சாயத்தண்ணீரில் கொதிக்கவிடுவது வரை அங்கே பழகினோம். வகுப்பு முடிந்த அன்றோடு படியும் நின்றது. கை வேகம் வருவதற்கு அதற்கு அப்புறம்தான் நாளாகும். ஒரு கொட்டானுக்கு ஒரு நாள் ஆகிற காலத்தில் கூலி கட்டுப்படியாகாது. என்னோடு பழகியவர்களில் பாதிக்கு மேல் அந்தச் சமயத்தில்தான் விட்டுவிட்டுப் போனார்கள். நூறு நாள் வேலையில் இந்த வருஷம் கூலி 336 ஆகியிருக்கிறது, கொட்டான் முடைய ஆரம்பிக்கிறவளுக்கு அதில் பாதிகூட வராது.

நான் நின்றதற்குக் காரணம் வீட்டுக்காரருக்கு நிலையான சம்பளம். இல்லாவிட்டால் நானும் மண்வெட்டியோடுதான் நின்றிருப்பேன்.

ரெண்டாங்கட்டு | 13 ஜூன், இரவு 9.02

ஆச்சி, கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் விலை ஏறவில்லையா?

கொட்டான்_முடைகிறவள் | 13 ஜூன், இரவு 9.30

கல்யாணத் தாம்பூலத்துக்கு மொத்தமாகக் கேட்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் கிடைத்தபோதும் இதே பேச்சுதான் பேசினார்கள். குறியீடு சரக்குக்கு, பழகுகிற பிள்ளைக்கு இல்லை தம்பி.

பெர்த்_தேவகோட்டை | 14 ஜூன், அதிகாலை 4.30

ஆஸ்திரேலியாவில் இருந்து எழுதுகிறேன், எலக்ட்ரிக்கல் வேலை. இங்கே தொழில் பழகுவதற்காக வீட்டை விட்டு வெளியூர் போகிற அப்ரண்டிஸுக்கு, சம்பளம் போகத் தனியாக ஒரு படி உண்டு. பல வருஷமாக முதல் ஆண்டு வாரம் 77 டாலர், இரண்டாம் ஆண்டு 38, மூன்றாம் ஆண்டு 25 என்ற கணக்கில் கொடுத்தார்கள். சம்பளம் ஏற ஏறப் படி இறங்கும். கனடாவில் இருக்கிற என் சகலை பையனுக்கு, வகுப்புக்குப் போகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் 4,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன், படிப்பு முடிந்த பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும். இங்கேயும் போதவில்லை என்றுதான் பையன்கள் புலம்புகிறார்கள். ஆனால் பழகுகிற காலத்துக்கு வாழ்க்கைச் செலவு என்று ஒன்று உண்டு என்பதையாவது ஒத்துக்கொள்கிறார்கள்.

கண்டனூர்_கணக்கு | 14 ஜூன், காலை 7.10

முதல் ஆண்டு அதிகம், பிறகு குறையும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் எதிர்ப்பது முடிவே இல்லாமல் கொடுப்பதை. வருஷா வருஷம் இறங்குகிற மாதிரி இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். கொத்தனாரிடம் நிற்பவனுக்கும் கொடுக்கலாம், ஆனால் நிற்கிறானா என்று யார் பார்ப்பது? ஒரே பையன் பெயரில் நாலு பேர் வாங்குவார்கள்.

நிமிந்தாள் | 14 ஜூன், காலை 7.40

நூறு நாள் வேலையில் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுகிறார்களே, இங்கேயும் எடுக்கட்டும். சாரத்தில் நிற்கிறவனைப் போட்டோ எடுப்பது கஷ்டமில்லை.

ஊராட்சி_முன்னாள் | 14 ஜூன், காலை 11.15

நூறு நாள் வேலை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். "உன்னதி" என்று ஒரு திட்டம் இருப்பது இங்கே யாருக்காவது தெரியுமா? நூறு நாள் வேலை முழுதும் பார்த்த குடும்பத்தில் 18 முதல் 45 வயதுக்குள் ஒருவர் பயிற்சிக்குப் போனால், பயிற்சி நாளுக்கு நூறு நாள் கூலிக்குச் சமமான தொகை கொடுக்க வேண்டும், 100 நாள் வரை. கரணை தம்பி கேட்ட "சோறு" கிட்டத்தட்ட இதுதான். ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) நடத்துகிற ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம், அதோடு இந்தக் கூலியும் சேர்ந்தால் வீட்டில் யாரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

ஆனால் முந்தைய நிதியாண்டில் நூறு நாளும் முடித்த குடும்பமாக இருக்க வேண்டும். நம் பக்கம் நூறு தொடுகிற குடும்பம் எத்தனை? வேலை கொடுக்காமல் விட்டுவிட்டு, வேலையை முடித்தால்தான் உதவி என்கிறார்கள்.

(அந்த ஐஓபி 1937-ல் தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். சும்மா சொன்னேன், நம்ம ஊர் பெருமை.)

கல்லல்_கிழக்கு | 14 ஜூன், மதியம் 12.30

அட்டையை எடுத்துப் பார்த்தேன் ஐயா. போன வருஷம் நூறைத் தொடவில்லை. அதற்கு முந்தைய வருஷமும் இல்லை.

கரணை_பிடித்த_கை | 14 ஜூன், மதியம் 1.05

இன்னொன்று. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பையனைப் பதிந்துவிடுங்கள் அக்கா, 18 ஆகிவிட்டதே. பதிந்தவர்களுக்குச் சென்னையை அடுத்த தையூரில் ஒரு வாரப் பயிற்சி வைக்கிறார்கள், வேலை போகிற நாளுக்கு ஈடாக நாளுக்கு 800 ரூபாய். அங்கே சொல்லித்தருவது சுண்ணாம்பு வேலை இல்லை, ஆனாலும் இவ்வளவு திட்டத்தில் கூலி இழப்பை நேராகக் கூலி இழப்பு என்று சொல்லிக் கொடுப்பது அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. ஒரு வாரத்துக்கு முடிகிறது என்றால் ஒரு வருஷத்துக்கு, இதில் பாதியாவது, ஏன் முடியாது?

கண்டனூர்_கணக்கு | 14 ஜூன், மதியம் 1.30

வாரியத்துக் காசு கட்டடம் கட்டுகிறவர்களிடம் வசூலிக்கிற தீர்வை தம்பி. கட்டடச் செலவில் ஒரு சதவீதம். வரிப்பணம் இல்லை. அதனால்தான் முடிகிறது. அப்படிப் பார்த்தால் விடுதியாகிற ஒவ்வொரு பழைய வீட்டிலிருந்தும் வருகிற தீர்வையை அந்த வேலை பழகுகிற பையனுக்கே திருப்பிவிடலாம். இதை நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

ரெண்டாங்கட்டு | 14 ஜூன், மதியம் 1.33

படம் எடுத்து வைத்துக்கொண்டேன் அண்ணே 😂

கல்லல்_கிழக்கு | 16 ஜூன், இரவு 8.20

நேற்று ஞாயிறு, அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். பையன் இரண்டு வருஷம் முடியாது என்கிறான், ஒரு வருஷம் என்றால் சரி என்கிறான். வெல்டர் எடுக்கிறான். மேஸ்திரியிடம் நானே போய்ப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமையும் ஐடிஐ லீவு நாட்களிலும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், கூலி அதே 550. அப்படிப் போனாலும் மாதம் ஆறாயிரம் வரை இடிக்கிறது. அக்கா நகைக்கடன் வைக்கலாம் என்கிறாள், நான் கொஞ்சம் போடுகிறேன். நிமிந்தாள் அண்ணன் தனிச்செய்தியில் பேசினார், சுண்ணாம்பு வேலை பிடித்திருந்தால் வெல்டிங் முடித்த பிறகு அவரிடம் அனுப்பச் சொன்னார். முட்டை அவர் வாங்குகிறாராம்.

இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் ஊருக்குக் காலையில் வருகிற ஒரே டவுன் பஸ் 8.50-க்குத்தான். ஐடிஐ எத்தனை மணிக்கு? பாஸ் இருந்தும் பஸ் இல்லாவிட்டால் என்ன செய்வது?

பழைய_ஐடிஐ_வாத்தியார் | 16 ஜூன், இரவு 9.00

அந்த பஸ்ஸில் போனால் தினமும் தாமதம்தான். சைக்கிள் கொடுக்க சில மாதம் ஆகும், அதுவரை பழைய சைக்கிள் ஒன்றைத் தேடி வையுங்கள். மெயின் ரோடு வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். பஸ் டிப்போ கிளை மேலாளருக்கு ஊரில் பத்துப் பேர் கையெழுத்தோடு ஒரு மனு எழுதுங்கள், உங்கள் பையன் மட்டும் என்று எழுதாமல் அந்தப் பாதையில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளையும் சேர்த்து எழுதுங்கள்.

சேர்க்கைக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், பத்தாவது, பிளஸ் டூ மார்க் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், போட்டோ. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதற்குத் தலைமையாசிரியரிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பையன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அதில் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். சேராமல் விட்டதால் ஆயிரம் வராமல் அலைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கல்லல்_கிழக்கு | 16 ஜூன், இரவு 9.12

கணக்கு இருக்கிறது சார், ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. நாளைக் காலை பேங்குக்குக் கூட்டிப்போகிறேன்.